காற்றாடி சுற்றும் ஊரில் வேன் கட்டணம் ஏன் ஏறுகிறது?

(வட்டார அளவில் நடைபெற்ற சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கச்சா எண்ணெய், எரிபொருள் விலை, மாற்று எரிசக்தி ஆகிய மூன்றையும் வகுப்பறைக்கு எப்படிக் கொண்டு செல்வது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். இதை நான் நன்றாக நடத்திய பாடமாக உங்கள் முன் வைக்க முடியாது. முதல்முறை நான் தவறாக நடத்தினேன். ஒரு மாணவி பள்ளிக்கு வராமல் நின்ற பிறகுதான் அது எனக்குப் புரிந்தது. எனவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் பள்ளி ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. வகுப்பறை சன்னலைத் திறந்தால் காற்றாலைகள் தெரியும். 2022 மார்ச் கடைசி வாரம். பிப்ரவரி 24-ஆம் தேதி உக்ரைன் போர் தொடங்கியிருந்தது. உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் ஒரு பீப்பாய் நூறு டாலரைத் தாண்டிவிட்டது. நம் நாட்டில் நான்கு மாதத்துக்கும் மேலாக அசையாமல் நின்ற பெட்ரோல், டீசல் விலை மார்ச் 22-இல் ஏறத் தொடங்கி, ஏப்ரல் 6-க்குள் லிட்டருக்கு ஏறத்தாழ 10 ரூபாய் கூடியது. சென்னையில் டீசல் நூறு ரூபாயைத் தாண்டியது.

ஒன்பதாம் வகுப்பில் செய்தித்தாளை விரித்து வைத்துப் பாடம் நடத்தினேன். "விலை ஏறினால் மக்கள் சிக்கனமாக இருப்பார்கள். மாற்று எரிசக்தி தேடுவார்கள். ஆகவே ஒருவகையில் இது நல்லதுதான்" என்றேன். பொருளியல் புத்தகத்தில் படித்ததைத்தான் சொன்னேன். மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "சார், நம்ம ஊர்ல இவ்வளவு காத்தாடி சுத்துதே, பெறகு ஏன் சார் வேன் காசு கூடுது?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். "அது கரண்டு, இது டீசல். ரெண்டும் வேற வேற. உக்காரு" என்றேன்.

அடுத்த வாரம் அவள் வரவில்லை. நான்கு நாள் கழித்து விசாரித்தேன். பக்கத்தில் உட்காரும் பிள்ளை சொன்னாள்: "வேன் காசு அறுநூறு ஆக்கிட்டாங்க சார். அவ இனி வர மாட்டா."

வீட்டில் கேட்ட கணக்கு

அன்று மாலையே அந்தக் குக்கிராமத்துக்குப் போனேன். அம்மா தோவாளைச் சந்தைக்குப் பூக்கட்டிக் கொடுப்பவர். அப்பா கொத்தனாருக்குக் கையாள். பிள்ளைகள் இரண்டு பேர். இவளும், ஏழாம் வகுப்புப் படிக்கும் தம்பியும். இரண்டு பேருக்கும் சேர்த்து வேனுக்கு மாதம் ஆயிரம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அது ஆயிரத்து இருநூறு ஆகியிருந்தது. சமையல் எரிவாயு சிலிண்டரும் ஆயிரத்தை நெருங்கிய நேரம் அது.

அந்த அம்மா என்னிடம் கோபப்படவில்லை. "சார், ஒரு பிள்ளைக்குத்தான் கட்ட முடியும். அவன் ஆம்பளப் பிள்ளை. இவ இம்புட்டுப் படிச்சாளே, போதும். எங்கூடப் பூக்கட்டுவா" என்றார். மாணவி சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் வகுப்பில் கேட்ட கேள்வி பாடத்தைப் பற்றியது இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டில் நடக்கப்போவது அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

விலை ஏறினால் நமக்கு அகவிலைப்படி உண்டு. பூக்கட்டும் அந்த அம்மாவுக்கு இல்லை. "விலை ஏறுவது நல்லதுதான்" என்று அந்தப் பிள்ளையின் முகத்துக்கு நேரே நான் சொல்லியிருக்கிறேன்.

வேன் ஓட்டுநர் மீது எனக்குக் கோபம். மறுநாள் அவரைப் பிடித்தேன். அவர் சட்டைப்பையில் இருந்த சிறிய நோட்டை எடுத்துக் காட்டினார். ஒரு நாளைக்கு 60 கிலோமீட்டர் ஓட்டுகிறார். அந்த வண்டி லிட்டருக்கு 10 கிலோமீட்டர்தான் தரும். ஆக, 6 லிட்டர் டீசல். லிட்டருக்கு ஒன்பதரை ரூபாய் கூடினால் நாளைக்கு 57 ரூபாய். மாதம் 24 நாளுக்கு 1,368 ரூபாய். வேனில் வரும் பிள்ளைகள் 14 பேர். வகுத்துப் பாருங்கள், தலைக்கு 98 ரூபாய் வரும். அவர் கூட்டியது நூறு ரூபாய். "நான் என்ன சார் செய்யட்டும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ஓட்டுநர் மீதும் தவறில்லை, அம்மா மீதும் தவறில்லை. எங்கோ நடந்த போரின் செலவு பல கை மாறி, கடைசியில் ஒரு பெண்பிள்ளையின் படிப்பில் வந்து இறங்கியிருக்கிறது. இதைத்தான் பாடமாக நடத்தியிருக்க வேண்டும் என்று தோன்றியது. அடுத்த வாரம் மீண்டும் நடத்தினேன்.

மீண்டும் நடத்திய பாடம்

முதலில், விலை எங்கே பிறக்கிறது? நமக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி. அதில் பெரும்பகுதி கடல் வழியே வருகிறது. வரைபடத்தில் ஹோர்முஸ் நீரிணையைக் காட்டினேன். மிகக் குறுகிய இடத்தில் அதன் அகலம் 33 கிலோமீட்டர்தான். உலகம் அன்றாடம் பயன்படுத்தும் எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இதன் வழியே போகிறது. 2021 மார்ச்சில் எவர் கிவன் என்ற ஒரே ஒரு கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கிக்கொண்டதில், ஆறு நாள் அந்த வழியே அடைபட்டதையும் சொன்னேன். குழாயில் எங்கே அடைப்பு விழுந்தாலும் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் வராது என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியும். அதைக் கொண்டே புரியவைத்தேன்.

இரண்டாவது, விலை எப்படிச் சேர்கிறது? இது கணக்கு ஆசிரியரோடு சேர்ந்து செய்ய வேண்டிய பாடம். ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். பீப்பாய் நூறு டாலர், ஒரு டாலர் 76 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 7,600 ரூபாய். 159-ஆல் வகுத்தால் லிட்டர் ஏறத்தாழ 48 ரூபாய். அந்த ஏப்ரலில் சென்னையில் பெட்ரோல் விலை 110 ரூபாய் 85 காசு. மீதி எங்கே போகிறது என்று பிள்ளைகளைத் தேடச் சொன்னேன். சுத்திகரிப்புச் செலவு, ஏற்றிச் செல்லும் செலவு, விற்பனையாளர் கழிவு, ஒன்றிய அரசின் உற்பத்தி வரி, மாநில அரசின் மதிப்புக்கூட்டு வரி என்று பட்டியல் வந்தது. அப்போது பெட்ரோல் மீதான உற்பத்தி வரி மட்டும் லிட்டருக்கு 27 ரூபாய் 90 காசு. மே மாதம் அதில் 8 ரூபாய் குறைக்கப்பட்டது.

"அப்போ வரியே இல்லாம ஆக்கிட்டா என்ன சார்?" என்று ஒரு மாணவன் கேட்டான். நியாயமான கேள்வி. வரிப்பணத்தில்தான் சாலை, மருத்துவமனை, உங்கள் பாடநூல், மதிய உணவு, என் சம்பளம் எல்லாம் வருகின்றன என்றேன். அதே நேரம், 2020-இல் ஊரடங்கு காலத்தில் கச்சா எண்ணெய் விலை அடிமட்டத்துக்குப் போனபோது, அந்த இறக்கம் பெட்ரோல் நிலையத்தில் தெரியவில்லை. உற்பத்தி வரி உயர்த்தப்பட்டது என்ற உண்மையையும் சொன்னேன். எவ்வளவு வரி சரி என்பதை வளர்ந்து வாக்களிக்கும்போது அவர்கள் முடிவு செய்யட்டும். ஆசிரியர் இரு பக்கக் கணக்கையும் கொடுத்தால் போதும்.

மூன்றாவது, எண்ணெய் தடைப்பட்டால் ஒரு நாடு என்ன ஆகும்? 1990 ஆகஸ்ட் 2-இல் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. நம் நாட்டின் அந்நியச் செலாவணி கரைந்து, 1991-இல் சுமார் 47 டன் தங்கத்தை விமானத்தில் ஏற்றி இங்கிலாந்து வங்கிக்கு அடமானமாக அனுப்ப வேண்டி வந்தது. அந்தக் காலத்தில் நான் தொடக்கப் பள்ளி மாணவன். மண்ணெண்ணெய் டின்னோடு ரேஷன் கடை வரிசையில் நின்றுவிட்டுத் தாமதமாகப் பள்ளிக்குப் போவேன். என் ஆசிரியர் வாசலில் நிறுத்தி ஏன் தாமதம் என்று கேட்பார். காரணத்தைச் சொன்னால் உள்ளே விட்டுவிடுவார். என் மாணவியிடம் நான் காரணம்கூடக் கேட்கவில்லை.

இலங்கையை நாம் எல்லோரும் பார்த்தோம். 2022-இல் எண்ணெய் வாங்க டாலர் இல்லாமல் போனது. வரிசையில் நின்றவர்களில் சிலர் வரிசையிலேயே உயிர் விட்டார்கள். ஜூன், ஜூலை மாதங்களில் நகர்ப்புறப் பள்ளிகள் மூடப்பட்டன; பிள்ளைகளும் ஆசிரியர்களும் பள்ளிக்கு வந்து சேர எரிபொருள் இல்லை. எண்ணெய்க்கும் பள்ளிக்கூடத்துக்கும் என்ன தொடர்பு என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

நம் நாடும் படிப்பினை பெறாமல் இல்லை. விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் ஆகிய மூன்று இடங்களில் பாறையைக் குடைந்து நிலத்தடிச் சேமிப்பகங்கள் அமைத்திருக்கிறார்கள். மொத்தம் 53.3 லட்சம் டன் கச்சா எண்ணெய் கொள்ளும். ஆனால் நாட்டின் தேவைக்கு அது ஒன்பதரை நாள்தான் வரும். எண்ணெய் நிறுவனங்களின் கையிருப்பு இதற்கு மேல்.

மூன்று நாடுகள், மூன்று விடைகள்

மாற்று எரிசக்தி பற்றிய விவாதத்துக்கு நான் 1973-ஐ எடுத்துக்கொண்டேன். அந்த ஆண்டு அக்டோபரில் மேற்காசியப் போரை ஒட்டி அரபு நாடுகள் உற்பத்தியைக் குறைத்து, சில நாடுகளுக்கு விற்கவும் மறுத்தன. சில மாதங்களில் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானது. ஒரே அடி, ஆனால் மூன்று நாடுகள் மூன்று விதமாக விடை தேடின.

பிரான்சு அணுமின்சாரத்துக்குப் போனது. 1974-இல் பெரிய திட்டம் அறிவித்து, வரிசையாக அணு உலைகளைக் கட்டியது. இன்றும் அதன் மின்சாரத்தில் பெரும்பங்கு அதிலிருந்துதான். பிரேசில் கரும்புக்குப் போனது. 1975-இல் எத்தனால் திட்டம் தொடங்கியது. டென்மார்க் காற்றுக்குப் போனது.

டென்மார்க் கதையை ஆசிரியர்கள் அவசியம் அறிய வேண்டும். 1973-இல் அந்த நாட்டின் எரிசக்தித் தேவையில் பத்தில் ஒன்பது பங்கு இறக்குமதி எண்ணெய். ஞாயிற்றுக்கிழமை கார் ஓட்டத் தடை போட்டார்கள். அணு உலை வேண்டுமா வேண்டாமா என்று நாடே விவாதித்துக்கொண்டிருந்தபோது, மேற்குக் கரையில் ட்விண்ட் என்ற இடத்தில் இருந்த பள்ளிகளின் ஆசிரியர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து, தாங்களே ஒரு காற்றாலை கட்டத் தொடங்கினார்கள். ஆசிரியர்கள் தம் சம்பளத்தைப் போட்டார்கள். பொறியாளர்கள் ஆலோசனை சொன்னார்கள். 1975-இல் தொடங்கிய வேலை 1978-இல் முடிந்தது. 54 மீட்டர் விட்டமுள்ள சுழலி. அன்றைக்கு உலகிலேயே பெரியது.

அந்த நாட்டில் வளர்ந்த தொழில்நுட்பம்தான் பின்னர் நம் ஊருக்கும் வந்தது. 1986-இல் தமிழ்நாட்டுக் கடற்கரையில் நிறுவிய முதல் காற்றாலைகள் டென்மார்க் தயாரிப்பு. பிறகு கயத்தாறிலும் முப்பந்தலிலும் டென்மார்க் அரசின் உதவியோடு செயல்விளக்கக் காற்றாலைகள் வந்தன. எங்கள் சன்னல் வழியே தெரியும் காற்றாடிக்கும் 1973 எண்ணெய் நெருக்கடிக்கும் உறவு இருக்கிறது என்று சொன்னபோது, பிள்ளைகள் வெளியே திரும்பிப் பார்த்தார்கள்.

வகுப்பை மூன்று குழுவாகப் பிரித்தேன். ஒரு விதி வைத்தேன்: ஒவ்வொரு குழுவும் தன் வழியின் குறையை முதலில் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் நிறை. இந்த ஒரு விதியால் பட்டிமன்றம் கூச்சலாகாமல் போனது.

அணுமின் குழு, கழிவை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும், விபத்து நேர்ந்தால் ஊரே காலியாகும், கட்டி முடிக்கப் பல ஆண்டு ஆகும் என்றது. பிறகு, இரவும் பகலும் ஒரே சீராக மின்சாரம் தரும், கூடங்குளத்தில் தலா 1,000 மெகாவாட் திறனில் இரண்டு உலைகள் ஓடுகின்றன என்றது. எத்தனால் குழு, கரும்புக்குத் தண்ணீர் அதிகம், உணவுக்கான நிலம் எரிபொருளுக்குப் போகும் என்றது. பிரேசிலிலேயே 1989-இல் எத்தனால் தட்டுப்பாடு வந்து வண்டிக்காரர்கள் தவித்ததையும் சொன்னது. பிறகு, இருக்கும் வண்டிகளிலேயே கலந்து ஓட்டலாம், பணம் நம் உழவருக்குப் போகும் என்றது. நம் நாட்டிலும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் இலக்கு 2030-லிருந்து 2025-26-க்கு முன்கொண்டுவரப்பட்டது.

காற்றுக் குழுவில் எல்லோரும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள். அவர்கள் சொன்ன குறை புத்தகத்தில் இல்லாதது: "மே மாசம் காத்து வந்தா புரட்டாசி வரை சுத்தும். பெறகு பாதி நாள் சும்மாதான் நிக்கும்." தமிழ்நாட்டில் காற்றாலைகளின் நிறுவுதிறன் பத்தாயிரம் மெகாவாட்டுக்கும் மேல். ஆனால் காற்று நம்மைக் கேட்டு வீசுவதில்லை. டென்மார்க்கில் காற்று நிற்கும்போது நார்வே, சுவீடன் நாடுகளின் நீர்மின்சாரத்தை வாங்கிக்கொள்கிறார்கள். மின்கலத்தில் சேமிக்கலாம் என்றால் அதற்கு லித்தியம் முதலான கனிமங்கள் வேண்டும். அவற்றைச் சுத்திகரிப்பதில் சீனாவின் கை ஓங்கியிருக்கிறது. ஒரு சார்பை விட்டு இன்னொரு சார்புக்குள் போகிறோமா என்பதும் விவாதத்தில் வர வேண்டும்.

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். "அது கரண்டு, இது டீசல்" என்று நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் பாதி விடை. காற்றாலை மின்சாரம் நேராக வேனுக்குள் போக முடியாது. மின்சாரத்தில் ஓடும் வண்டி இருந்தால் போகும். எங்கள் ஊர் வழியாகப் போகும் நாகர்கோவில் ரயில் மின்சாரத்தில் ஓடுகிறது. பக்கத்திலேயே ஓடும் வேன் டீசலில் ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை நிரப்புவதுதான் மாற்று எரிசக்தி பற்றிய விவாதமே. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை அந்த இடத்தைச் சரியாகத் தொட்டிருக்கிறாள். நான் உட்காரச் சொல்லிவிட்டேன்.

நான்காவது குழு

விவாத நாளில் அவள் வகுப்பில் இல்லை. விவாதம் முடிந்ததும் ஒரு மாணவன் எழுந்தான். "சார், இந்த மூணுல எது வந்தாலும் அவ இந்த வருஷம் வர மாட்டால்லா?" என்றான். அதுவும் உண்மை. அணு உலைக்குப் பத்தாண்டு, மின்வண்டிக்குப் பணம். அவளுக்கு நாளைக்கே வழி வேண்டும்.

அங்கேதான் நான்காவது குழு பிறந்தது. எரிபொருளை மாற்றுவது ஒன்று. இருக்கும் எரிபொருளைப் பங்கிட்டுக்கொள்வது இன்னொன்று. அந்தக் குக்கிராமத்துக்கு நகரப் பேருந்து வருகிறது. மாணவர்களுக்கு இலவசப் பயண அட்டை இருக்கிறது. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கும் கட்டணமில்லை. ஆனால் அந்தப் பேருந்து அங்கே வந்து சேர்வது ஒன்பது நாற்பதுக்கு. முதல் பாடவேளையே முடிந்துவிடும். பிள்ளைகள் நான்கு குக்கிராமங்களுக்கும் போய் கணக்கெடுத்தார்கள். 37 மாணவர்கள், எட்டரை மணிக்குள் பேருந்து வந்தால் எல்லோருக்கும் உதவும். வேன் கட்டணத்தால் நின்றுபோன மாணவிகள் அவளோடு சேர்த்து ஐந்து பேர் என்பதும் அந்தக் கணக்கெடுப்பில்தான் தெரியவந்தது. மாணவர்கள் யாரும் நிற்கவில்லை.

தேர்வு நாட்களுக்கு ஆசிரியர்கள் சேர்ந்து வேன் கட்டணம் கட்டினோம். ஜூனில் பள்ளி திறந்ததும், புதிதாக அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் பேருந்து நேரத்தை மாற்றக் கோரித் தீர்மானம் போட்டோம். கணக்கெடுப்பை இணைத்துப் பணிமனைக்குக் கொடுத்தோம். முதல் மனுவுக்குப் பதில் இல்லை. இரண்டாவது மனுவை அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களே நேரில் போய்க் கொடுத்தார்கள். நவம்பரில் பேருந்து எட்டேகாலுக்கு வரத் தொடங்கியது. அதுவரை எங்கள் அறிவியல் ஆசிரியை தன் ஸ்கூட்டியில் அந்த மாணவியை ஏற்றிக்கொண்டு வந்தார்.

ஐந்து பேரில் நான்கு பேர் திரும்பி வந்தார்கள். ஒருத்தி வரவில்லை. முந்திரி ஆலைக்குப் போய்விட்டாள். இரண்டு முறை வீட்டுக்குப் போனோம், பயனில்லை. பேருந்து ஐந்து மாதம் முன்னால் வந்திருந்தால் அவளும் வந்திருப்பாள் என்றே இன்றும் நினைக்கிறேன். கேள்வி கேட்ட மாணவி பத்தாம் வகுப்பு முடித்து, மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்து, அரசு தந்த சைக்கிளில் போய் வந்தாள்.

நாம் செய்யக்கூடியவை

முடிக்கும் முன் மூன்று செய்திகள்.

ஒன்று: எரிபொருள் விலை ஏறும் ஒவ்வொரு முறையும், அடுத்த இரண்டு வாரம் வருகைப் பதிவேட்டைக் கூர்ந்து பாருங்கள். யார் எதில் வருகிறார்கள் என்ற பட்டியலை ஜூன் மாதமே எடுத்து வையுங்கள். முதலில் நிற்பது பெரும்பாலும் பெண்பிள்ளையாக இருக்கும்.

இரண்டு: இந்தப் பாடத்தை உங்கள் ஊரின் வண்டியிலிருந்து தொடங்குங்கள். கடலோரப் பள்ளி என்றால் விசைப்படகின் டீசல். டெல்டா என்றால் நடவுக்கு முன் ஓடும் டிராக்டர். திருப்பூர் என்றால் நூல் ஏற்றிவரும் லாரி. ஓட்டுநரை வகுப்புக்கு அழைத்துக் கணக்கு நோட்டோடு பேசச் சொல்லுங்கள். அவரைவிட நல்ல கருத்தாளர் கிடைக்கமாட்டார்.

மூன்று: எது சிறந்த மாற்று என்று நாம் தீர்ப்பு எழுத வேண்டாம். பிரான்சும் பிரேசிலும் டென்மார்க்கும் தத்தம் மண்ணுக்கும் வசதிக்கும் ஏற்ப முடிவெடுத்தன. ஒவ்வொன்றும் ஒரு விலை கொடுத்தது. அந்த விலையை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குத் தந்தால் போதும்.

வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து, பாடத்துக்குத் தொடர்பில்லாததுபோல் ஒரு கேள்வி கேட்டால், இப்போதெல்லாம் நான் சிரிப்பதில்லை. "ஏன் மக்கா கேக்குற?" என்று திரும்பக் கேட்கிறேன். நீங்களும் கேட்டுப் பாருங்கள்.